இடுப்பில் கட்டிய துண்டு

கராத்தே வகுப்பில் முதல் தடவையாக ஜோடி சேர்த்து நிறுத்திய அன்று, என் முஷ்டி தன் முகத்துக்கு நேராக வருவதைப் பார்த்த வீரையன் தடுக்கவும் இல்லை, விலகவும் இல்லை. முதுகை வளைத்தார். வாயைப் பொத்திக்கொண்டு, "ஆகட்டுங்க" என்றார்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார். வீரையன் மட்டும் சிரிக்கவில்லை. போய்ச் சுவரோரமாக உட்கார்ந்து, தன் முழங்கால்களை யாரோ அயலான் கால்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜெக்கரியா. பட்டுக்கோட்டையில் கயிற்றுக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்துவிட்டது, தொப்பையைக் குறைக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் மிரட்டியதால், கடைக்குப் பின்னால் இருந்த தேகப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கராத்தே கற்றுக்கொண்டு வந்த தியாகராசன் அங்கே சாயங்கால வகுப்பு ஆரம்பித்திருந்தார். மீசை முளைத்தவன் எல்லாம் ஓடு உடைக்கக் கிளம்பிய காலம். அந்தக் கூட்டத்தில் நரைத்த தலை இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று வீரையனுடையது.

நான் வந்ததற்காவது ஒரு காரணம் இருந்தது. ஐம்பது வயது குடியானவருக்கு இங்கே என்ன வேலை? கேட்டே விட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"மனசு சொன்னா ஒடம்பு கேக்க மாட்டேங்குது பாய். ஒடம்புக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற எடம் இதுதானே?"

அவருக்குப் புது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊர். அப்பா காலத்திலிருந்து பண்ணை நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற குடும்பம். பட்டுக்கோட்டையில் கட்சிக் கூட்டம் என்றால் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, சுயமரியாதைப் பேச்சுக்குக் கைதட்டுவார். திரும்பிப் போகும்போது பாலத்தில் சைக்கிளை நிறுத்துவார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கும். அதற்கு அப்பால் பண்ணையின் எல்லை. கோட்டையில் யார் ஆட்சிக்கு வந்தால் என்ன, அந்தப் பாலத்தில் ஆட்சி மாறவில்லை.

போன வருசம் அறுவடைக் களத்துக்குப் பண்ணையார் வந்திருக்கிறார். வீரையனைவிடப் பத்து வயது சின்னவர். "ஆத்தோர வயல இனிமே நாங்களே பாத்துக்கறோம்டா வீரையா" என்றிருக்கிறார். மாட்டேன் என்று சொல்லத்தான் வீரையன் வாயைத் திறந்தார். முதுகு முந்திக்கொண்டு வளைந்தது. வாயில் வந்தது, "ஆகட்டுங்க." பாதி நிலம் போயிற்று. அவர் மனைவி ராசம்மாள் அறுவடை முடிந்து உளுந்து பிடுங்கும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் சீமையில் எத்தனையோ நிலம் இப்படித்தான் போயிருக்கிறது. கோர்ட்டும் வேண்டாம், போலீசும் வேண்டாம், ஒரு ஆகட்டுங்க போதும். வீரையன் பேரில் தாலுகா ஆபீசில் குத்தகைப் பதிவு இருந்தது. விவசாயச் சங்கத்துக்காரர் அவரிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம், "சட்டம் இருக்கு, பதிவு இருக்கு, நாங்க இருக்கோம். மாட்டேன்னு ஒரு வார்த்த நீங்கதாண்ணே சொல்லணும். அதையுமா சங்கம் வந்து சொல்லும்?"

மிச்ச நிலத்தைக் கேட்க இந்தத் தையிலும் பண்ணையார் வருவார். அதற்குள் உடம்பைப் பழக்க வேண்டும். அதற்குத்தான் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இவருடைய சங்கடம் நேர்மாறானது. ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிர மறுத்தது.

வந்த முதல் நாளே தகராறு. மாஸ்டர் வெள்ளை பெல்ட்டைக் கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார். வீரையன் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இடுப்புலண்ணே."

"இடுப்புல கட்ட மாட்டங்க. அத அவுக்கத்தான் இங்க வந்துருக்கேன்."

அடுத்தது வணக்கம். எதிராளியைப் பார்த்துக் குனிந்துவிட்டுத்தான் பயிற்சி தொடங்க வேண்டும். குனிய மாட்டேன் என்று விறைத்து நின்றார். பண்ணையாரிடம் காட்ட வேண்டிய வீராப்பையெல்லாம் பாவம் அந்த மாஸ்டரிடம் காட்டினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. குனியத் தெரியாதவனா இவன், ஊரில் அதைத்தானே செய்கிறான் என்று நினைத்தேன்.

பல நாள் பொறுத்துப் பார்த்த மாஸ்டர் ஒரு நாள் எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்.

"அண்ணே, இது கும்புடு இல்ல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குனியணும். தலை தாழலாம், கண்ணு தாழக்கூடாது. அவரு மூஞ்சிலயே இருக்கணும். நீங்க நிமிர்றப்ப அவரும் நிமிரணும்."

வீரையன் யோசித்தார். "எதுக்க நிக்கிறவரும் குனியணுமா?"

"ஆமா."

"குனியலன்னா?"

"சண்டைக்கு லாயக்கில்லாத ஆளுன்னு அர்த்தம்."

நான் குனிந்தேன். என் தொப்பை அனுமதித்த அளவுக்குத்தான். அவரும் மெல்லக் குனிந்தார். கண் என் மேலேயே இருந்தது. இருவரும் நிமிர்ந்தபோது அந்தக் கண்ணில் தண்ணீர்.

"எனக்கு முன்னால யாரும் இதுவரைக்கும் குனிஞ்சதில்ல பாய்" என்றார்.

இன்னொரு தடவை குனிந்தேன். அன்றைக்குத்தான் அவர் பெல்ட்டை இடுப்பில் கட்டினார்.

அதற்காக அவர் பெரிய வீரர் ஆகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். காலைத் தூக்கி உதைத்தால் வரப்புத் தாண்டுகிற மாதிரி இருக்கும். வயிற்றிலிருந்து கத்தச் சொன்னால் மாட்டை ஓட்டுகிற சத்தம் வரும். வகுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் பின்தங்குவோம். நான் பண்ணையார் வேடம் போடுவேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "டேய் வீரையா, மிச்ச வயலையும் விட்டுடுறா" என்பேன். ஒரு கயிற்றுக் கடைக்காரன் அதட்டலுக்கே அந்த மனிதர் வளைந்து, "ஆகட்டுங்க" என்பார். பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொள்வார். பார்க்கச் சகிக்காது. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் என் மனைவி கமருன்னிஸா, "ஏங்க, அந்தப் பாவத்த நீங்க வேற ஏங்க மெரட்டுறீங்க?" என்று என்னைத் திட்டுவாள்.

தை பிறந்தது. "பாய், நாளைக்கு அறுப்பு. நீங்க வந்து சும்மா நில்லுங்க, போதும்" என்றார். மறுநாள் விடியலில் என்னைக் கூட்டிப்போக அவரே வந்தார். கடையைச் சாத்திவிட்டு அவரோடு போனேன்.

பாலத்தில் வழக்கம்போல் சைக்கிளை நிறுத்தினார். கை தோளுக்குப் போயிற்று. துண்டு இறங்கியது. என் நெஞ்சும் கூடவே இறங்கியது. இத்தனை மாதமும் விழலுக்கு இறைத்த நீர் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது அவர் துண்டை நீளவாக்கில் மடித்தார். இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, முன்பக்கம் முடிச்சுப் போட்டு, இரண்டு முனையும் சமமாகத் தொங்குகிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டார். அது வகுப்பில் போடுகிற முடிச்சு. நான் பின்னால் போனேன்.

களத்தில் பண்ணையார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுப்பாட்கள் வயலில் இறங்கத் தயாராக நின்றார்கள். ராசம்மாள் வரப்பில் அரிவாளோடு நின்றாள். இடுப்புத் துண்டைப் பார்த்ததும் பண்ணையாருக்குத் திருப்தி.

"வீரையா, இந்த அறுப்போட இதையும் விட்டுடுறா. நாங்களே பாத்துக்கறோம்."

வீரையன் கால்களைச் சேர்த்தார். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்தார். குனிந்தார். ராசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் நின்ற இடத்திலிருந்து முதுகுதான் தெரியும். எனக்குக் கண் தெரிந்தது. அது பண்ணையார் முகத்திலேயே இருந்தது.

நிமிர்ந்தார். நின்றார். பண்ணையார் திரும்பக் குனிவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னடா மொறைக்கிற? சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

"அப்பறம்?"

வீரையனின் உதடு 'ஆ' என்று திறந்தது. இடுப்பு முடிச்சில் கை போயிற்று. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டங்க."

கத்தல் இல்லை, கர்ஜனை இல்லை. பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கிற குரல். பண்ணையாருக்குக் காதில் விழுந்தும் விளங்கவில்லை.

"என்னது?"

"வயல விட மாட்டங்க. கோர்ட்டுல பாத்துக்குங்க."

ராசம்மாளின் கையிலிருந்து அரிவாள் நழுவி வரப்பில் விழுந்தது. பண்ணையார் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. கை ஓங்கப் போகிறார் என்று நினைத்தேன். வீரையனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கால் தானாக அகன்று நின்றது. ஆனால் அறுப்பாட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்துக்கறேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பண்ணையார் வண்டியைப் பார்த்து நடந்தார். கேஸ் போட்டார், அது பல வருசம் இழுத்தது, நிலம் வீரையனிடமே நின்றது. அதெல்லாம் பிறகு.

வண்டி மறைந்ததும் வீரையன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ராசம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பாதியைக் குடித்தார், பாதியை மேலே சிந்திக்கொண்டார்.

"பாய், அவரு திரும்பக் குனியலயே, பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே."

"அப்ப மாஸ்டர் சொன்னது..."

"சண்டைக்கு லாயக்கில்லாத ஆளு."

அவர் சிரித்தார். மூன்று மாதப் பழக்கத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று இல்லாததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து, இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். துண்டை உதறி, பாலத்துக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரில், அத்தனை பேர் முன்னிலையில் தோளில் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்.