கடலூர்ல படகு கரை சேர்ந்த அன்னைக்கு

இன்னைக்கு வாலாஜாபாத் பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா செல்லுல ஒரு போட்டோ காட்டுனாங்க. வெளிநாட்டுல அவங்க பையன் வேலை பார்க்கிற இடமாம். வெள்ளை வெள்ளையா பாய்மரப் படகுங்க.

"இதெல்லாம் நேர்ல பார்த்திருக்கீங்களா சார்?"

"ஒண்ணுல போயிருக்கேன்மா."

அந்தக் கதையை அவங்ககிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன்.

எழுபதுகள்ல நான் காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக் கடையில சேல்ஸ்மேன். புடவை வாங்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி மெட்ராஸ்ல இருந்து கடலூருக்குத் தங்களோட பாய்மரப் படகுலயே போறதா சொல்லி, வழியில தமிழ் பேச என்னையும் கூப்பிட்டாங்க. அப்பாவுக்கு லேசா காய்ச்சல். "போய்ட்டு வாடா, யாருக்குக் கிடைக்கும்"னு அவரேதான் அனுப்புனாரு.

மூணாம் நாள் காலையில, ஆறு கடல்ல சேர்ற இடம் வழியா துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சோம். கரையில அக்கா வீட்டுக்காரர் நின்னுக்கினு இருந்தாரு. படகைப் பார்க்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சு கை ஆட்டுனேன்.

"மச்சான், அப்பா தவறிட்டாரு. நேத்தே எடுத்துட்டோம். உனக்குச் சொல்ல வழியே இல்லப்பா. கொள்ளி நான்தான் வெச்சேன்."

கையில இருந்த கயித்தை முழுசா கட்டி முடிச்சேன். இறங்குனதும் தரை படகு மாதிரியே ஆடிச்சு. குடிக்கத் தண்ணி கேட்டேன். காஞ்சிபுரம் வந்தும் அந்த ஆட்டம் நிக்கல. அழுகை மட்டும் வரவே இல்ல.

பஸ்ல அந்தம்மா மட்டும் விடல. "கொடுத்து வெச்சவரு சார் நீங்க! ஜாலியா இருந்துச்சா?"

"காத்து நல்லா இருந்துச்சும்மா."

சும்மா கேக்கிறவங்களுக்கு நீங்கல்லாம் எவ்வளவு தூரம் பதில் சொல்வீங்க?