சரிவில் விழுந்த நிழல்

சாதாரண தரப் பரீட்சையின் கணிதப் பாடத்தில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாம் முறைக்கு விண்ணப்பித்துவிட்டு ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் புத்தகத்தைத் திறப்பேன். இரண்டு வரி தாண்டாது. மனம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைக்கு மேலே நிற்கும் டர்பன்டைன் மரத்துக்கு ஓடிவிடும்.

லயத்தின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறை வீட்டில், ஓர் அக்கா இருந்தார். ஏழு மாதக் கர்ப்பம். கணவர் கொழும்பில் வேலை. மரம் அவருடைய கூரைக்கு நேர் மேலே, சரிவில் நின்றது. போன மழைக்கு மண் கரைந்து, அதன் வேர் ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. ஜூன் மாதக் காற்றுக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

நானும் அக்காவும் தோட்ட ஆபீசுக்குப் போய்ச் சொன்னோம். கிளாக்கர் தலையை நிமிர்த்தவில்லை. “அது அறுபது அடி மரம். லயம் எழுபது அடி தள்ளி இருக்கு. விழுந்தாலும் படாது.”

“யாருங்க ஐயா அளந்தது?” என்றேன்.

“பாத்தாலே தெரியுதே.”

திரும்பும் வழியெல்லாம் அந்த ‘தெரியுதே’ உள்ளே அரித்தது. அம்மா போட்டு வைத்த சோற்றை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

புத்தகத்தில் சமகோண முக்கோணிகள் பாடத்தில் கொடிக்கம்பத்தின் உயரம் காணும் கணக்கு ஒன்று உண்டு. கம்பத்தின் நிழல், கோலின் நிழல், விகிதம். ஆனால் அதில் தரை மட்டமாக இருக்கும், செங்கோணம் இருக்கும். எங்கள் தோட்டத்தில் மட்டமான தரைக்கு எங்கே போவது? சரிவில் அந்தக் கணக்கு நிற்குமா என்று இரண்டு நாள் அலைந்தேன். கடையில் சீத்தைத் துணியை இரண்டு முறை தப்பாக அளந்து ஏச்சு வாங்கினேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது பிடிபட்டது. மரமும் நேர்க்குத்து, கோலும் நேர்க்குத்து. இரண்டும் ஒரே சரிவில் நின்றால் அடிக்கோணங்கள் சமம். வெயில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக விழுவதால் உச்சிக் கோணங்களும் சமம். இரண்டு கோணம் சமமென்றால் மூன்றாவதும் சமம். செங்கோணமே வேண்டாம். புத்தகத்தில் அது இருந்ததால் அது வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

கடை முதலாளியிடம் மீட்டர் கோலைக் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிறு காலை முழுக்கப் பனி. மறு ஞாயிறும் மூட்டம். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். ஒன்பது மணிக்கு மேல் பளிச்சென்று வெயில் வந்தது. மேலே, தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய மொட்டைச் சரிவில் மரத்தின் நிழல் நீண்டு கிடந்தது.

“அக்கா, கோல புடிங்க. சாயக் கூடாது.”

“கை வலிக்குது புள்ள. சட்டுனு அள.”

நூறு சென்டிமீட்டர் கோலின் நிழல் எழுபத்தைந்து சென்டிமீட்டர். மரத்தின் நிழல், அடி குறித்த கயிற்றில், அறுபத்தாறு. ஒன்று சென்டிமீட்டர், ஒன்று அடி. விகிதத்துக்கு அது பொருட்டில்லை. மரம் எண்பத்தெட்டு அடி. விழுந்தால் லயத்தில் படும்.

நிறுவலைத் தாளில் எழுதிக் கிளாக்கரிடம் கொடுத்தேன்.

“செங்கோணம் எங்க?” என்றார்.

“தேவயில்லங்க ஐயா. ரெண்டு கோணம் சமமா இருந்தா போதும்.” ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். அவர் பேனாவால் தாளைத் தட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாசித்தார்.

“தோட்டத்துத் தொரைகிட்டக் குடுக்குறேன்.”

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. காற்று மெல்லத் தொடங்கியிருந்தது. அக்காவை எங்கள் காம்பிராவில் தூங்கச் சொன்னோம். ஒன்பதாம் நாள் கயிறும் வாள் மெசினுமாக ஆட்கள் வந்து, மரத்தை மேட்டுப் பக்கம் இழுத்துச் சாய்த்தார்கள்.

கடையிலிருந்து வந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். மண்ணில் மிஞ்சிய அடிக்கட்டையையும் சேர்த்து எண்பத்தைந்து அடி. மூன்று அடி எங்கே போனது?

“கோல நான்தான் சாச்சிப்புட்டேன் போல,” என்றார் அக்கா.

நுனி விழுந்து சிதறியிருக்கலாம், நான் கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருக்கலாம். இருட்டும்வரை அந்த மூன்று அடியைத் தேடி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.