எரிமலை விளிம்பில் ஆற்றுக் குளியல்

“…வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்க எரிமலைக்குள்ள எறங்கிக் குளிக்கப் போறியளா? ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டாவளா? மொதல்ல இந்தப் பழத்தத் தின்னுங்க!”

மதினி போட்ட சத்தத்தில், பள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதிகூடத் திரும்பிப் பார்த்தார்கள். மொரீஷியஸ் தீவில், அணைந்துபோன ஓர் எரிமலையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பம்ப்செட் கம்பெனி, மோட்டார் நன்றாக விற்றுக் கொடுத்த டீலர்களை அந்தத் தீவுக்கு அழைத்துப் போனது. எங்கள் பக்கத்திலிருந்து போனது நானும், பாபநாசத்தில் கடை வைத்திருந்த அண்ணாச்சியும், அவர் மனைவியும். அந்த அம்மாளைத்தான் நான் மதினி என்பேன்.

எரிமலை என்றால் நெருப்பு கக்கும் என்று நினைத்துப் போனவர்கள் நாங்கள். அங்கே போனால் சுற்றிலும் வீடுகள், பள்ளம் நிறைய மரங்கள், அடியில் குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர். வந்த வழியெல்லாம் சுள்ளென்ற வெயில். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கோபுரம்போலக் கருங்கல் குவியல்கள். எரிமலை கக்கிய கல்லாம். அதைப் பொறுக்கிக் குவித்துவிட்டுத்தான் நிலத்தை உழுதிருக்கிறார்கள். “கரும்புக் கூலிக்கு வந்த நம்மாளு கைதான் வே இது. வேற எவனுக்கு இம்புட்டுப் பொறும இருக்கு?” என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆற்றில் முங்கி எழாமல் ஒரு பருக்கை உள்ளே இறங்காது. ஊருக்கெல்லாம் மோட்டார் மாட்டி மாடிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர், தன் வீட்டுக் குளியலறையில் மோட்டார் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். விமானத்தில் வந்த நாளுக்கு மட்டும் அவரே விலக்குக் கொடுத்துக்கொண்டார். “ஆகாசத்துல ஏது வே ஆறு?”

மறுநாள் ஓட்டலில் வம்பு ஆரம்பித்தது. குழாயைத் திறந்துவிட்டால், “அது கழுவுதது வே, குளிக்கது இல்ல.” எதிரே கண்ணாடி மாதிரிக் கடல். “அதுல குளிச்சா உப்பக் கழுவ இன்னொரு குளி வேணும்லா?” நாங்கள் சிரித்தோம். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் பழக்கத்தில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டார். சாப்பிடவில்லை. இது எங்களுக்குத் தெரிந்தபோது பஸ் பாதி வழி வந்துவிட்டது.

எரிமலைக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று. அண்ணாச்சிக்குச் சர்க்கரை இறங்கிச் சட்டை தொப்பலாக வேர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. மதினி நீட்டிய பழத்தைத் தள்ளிவிட்டார். பள்ளத்தின் அடியில் தண்ணீரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“பூமி வயித்துக்குள்ளருந்து வார ஊத்து வே. ஒரு முங்கு போட்டா போதும்.” துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“அண்ணாச்சி, அது குட்டை.”

“நீரும் மோட்டார் விக்கேரு. ஊத்துக்கும் குட்டைக்கும் வித்தியாசம் தெரியலையே!”

சரிவில் ஒரு காலை வைத்தார். முழங்கால் மடங்கியது. நான் எட்டிக் கையைப் பிடித்திருக்காவிட்டால் மரங்களுக்கு நடுவே உருண்டிருப்பார். மதினி சத்தம் போட்டது அப்போதுதான்.

“குளிக்காம எப்பிடித் தின்ன ஏளா?” என்றார் அண்ணாச்சி. நாக்குக் குழறியது. “அம்பது வருசமாத் தின்னதில்லையே.”

மதினி தோள்பையைத் தரையில் கவிழ்த்தார். சேலைக்குள் சுருட்டியிருந்த பிளாஸ்டிக் கேன் ஒன்று உருண்டு வந்தது. புறப்பட்ட அன்று பாபநாசம் ஆற்றுப் படித்துறையில் மொண்ட தண்ணீர். வெளியூர்த் தண்ணீர் மதினி வயிற்றுக்கு ஆகாது. ஒரு வாரத்துக்கும் வேண்டுமே என்று மடக்கு மடக்காகக் குடித்து வந்திருக்கிறார்.

“மதினி, அப்போ உங்களுக்கு?”

மதினி அண்ணாச்சியின் தோளை அழுத்தி ஒரு கல்லில் உட்காரவைத்தார். “ஆத்துத் தண்ணிதான். கண்ண மூடுங்க” என்று சொல்லி, சட்டையோடு அவர் உச்சந்தலையில் கேனைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார். தலையைத் துவட்டக்கூட விடாமல் பழத்தை உரித்து அவர் வாயில் திணித்தார்.