மாடியில் பத்து நிமிடம்

மலேசியாவில், ஜொகூரில் பிறந்து வளர்ந்தவள் நான். துணி வடிவமைப்புப் படிப்புக்காக மூன்று மாதம் ஆரணியில் இருக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டு வியாபாரியின் வீட்டில் இடம் கிடைத்தது. வியாபாரி, மனைவி, மகன், மருமகள் என்று நாலே பேர். முதல் நாளே அந்த வீட்டம்மா, "என்ன அம்மான்னே கூப்புடு" என்று சொல்லிவிட்டார்.

நான் பேசியதும் தமிழ்தான். ஆனாலும் அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. புடவை பார்க்க யாராவது வந்தால் என்னைக் கூப்பிட்டு, காலையில் உங்கள் ஊரில் எப்படி விசாரிப்பீர்கள் என்று கேட்பார்கள். "பசியாறியாச்சா?" என்பேன். கூடமே சிரிக்கும். ஒருநாள் பஸ் மாறி ஏறிப் பெரணமல்லூரில் இறங்கித் தவித்ததையும் வந்தவர்களிடமெல்லாம் என்னையே சொல்லவைத்தார்கள். சிரிக்காதவர் மருமகள் மட்டும்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன்.

அக்காவிடம் போன் இல்லை. எந்நேரமும் அம்மாவோடு பேசுகிறாள் என்று கணவர் வாங்கி வைத்துக்கொண்டாராம். அந்த அம்மா களம்பூரில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். போய்ப் பார்க்கவும் விடவில்லை. மாடியில் துணி காயப்போடும்போது இதைச் சொல்லி, என் போனைக் கேட்டார். அதன்பின் தினமும் அங்கே பத்து நிமிடம் பேசுவார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமியார் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். ஊரைவிட்டு வந்தபிறகு என் தலையை யாரும் தொட்டதில்லை. கண் சொக்கியது.

"நீ நம்ம வூட்டுப் பொண்ணு. மாடியில அவ யார்கிட்ட பேசிகினு இருக்கா?"

சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்கூல் வேலை ஏதாவது பார்க்கச் சொல்லி அக்கா அம்மாவிடம் கேட்டதையும், கிடைத்தால் களம்பூருக்கே வந்துவிடுவதாகச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். மாமியார் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த விரல்கள் நின்றுவிடக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் என் போனை வாங்கினார். களம்பூருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பரிமாறிக்கொண்டிருந்த மருமகளிடம் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"சொன்னதெல்லாம் பொய்னு சொல்லு. வேலையும் வேணாம், இனிமே போனும் பண்ண மாட்டேன்னு சொல்லு."

அக்கா நின்றபடியே ஒரு சொல் விடாமல் சொன்னார். கணவர் குனிந்த தலை நிமிராமல் ரசம் பிசைந்துகொண்டிருந்தார். "சரிம்மா. சாப்ட்டியா?" என்றது போனில் அவர் அம்மாவின் குரல்.

மாமியார் போனை அணைத்து, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார். எனக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னார். அக்காதான் வைத்தார்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கச் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் துலக்கியபடியே அக்கா சொன்னார்: "போன் பேசுனத சொன்ன, சரி. அவங்க கேட்டாங்க. வேல விஷயத்த யார் கேட்டாங்க?"

அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. மாமியார் வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டார். நானும் போய் உட்கார்ந்தேன்.

ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது களம்பூரிலிருந்து அக்காவின் அம்மா அழைத்தார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"எம் பொண்ணு எப்டிமா இருக்கா? ஒரு வார்த்த சொல்லும்மா."

ஐந்து நாளாக அக்காவுக்குக் காய்ச்சல். அதோடுதான் சமைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்காங்க ஆன்ட்டி" என்றேன்.

நீ அங்கே இருப்பது எனக்குத் தெம்பாக இருக்கிறது என்றார். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை.