பஞ்சுவிடம் பலிக்காத தேன்குரல்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் எட்டு நாற்காலிகள் இருந்தன. ஏழில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஜன்னலோரத்து மூன்றாவது நாற்காலி மட்டும் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆளுடையது. அந்த ஆளுக்கு அலுவலகம் வைத்த பெயர் தேன்குரல் அக்கா.

குழாயில் வெறும் காற்று வருகிறது, மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, ஏறிய தண்ணீரும் காப்பி நிறத்தில் இருக்கிறது என்று காலை முதல் மாலை வரை போனில் கத்துவார்கள். யாருக்கும் மசியாத ஆளை மேற்பார்வையாளர் மூன்றாவது நாற்காலிக்குத் தள்ளிவிடுவார். அக்கா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, "உங்க கோபம் எனக்கு நல்லாப் புரியுது சார், சொல்லுங்க" என்று ஆரம்பிப்பாள். நாலாவது நிமிடம் அந்தப் பக்கத்துக் குரல் இறங்கும். பத்தாவது நிமிடம் சிரிப்புச் சத்தம் கேட்கும். வாரியத்தையே கோர்ட்டுக்கு இழுப்பதாக மிரட்டிய ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர், கடைசியில் அக்காவின் முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். அவர் வீட்டுக்குத் தண்ணீர் என்னவோ மறுநாள் மதியம்தான் போனது.

இப்பேர்ப்பட்ட அக்காவைத் திணறடிக்க ஒரு பிடி அளவுக்கு ஒரு ஜீவன் வந்து சேர்ந்தது.

தம்பி மகளுக்கு வெளியூரில் ஆறு மாத நர்சிங் பயிற்சி. தங்கப்போகும் விடுதியில் பிராணிகளுக்கு இடம் கிடையாது. அதனால் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்து நின்றாள். கூண்டுக்குள் மரத்தூள், ஒரு சக்கரம், ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு சின்ன மரவீடு. மரவீட்டுக்குள் வெள்ளையும் சாம்பலுமாக, வாலே இல்லாதது போல ஒரு எலி. ஹாம்ஸ்டர் என்றாள். பெயர் பஞ்சு.

"ஆறே மாசம் அத்தை. கொஞ்சம் கோபக்காரன். மத்தபடி தங்கம்."

"கோபக்காரங்க எனக்கென்ன புதுசா? இங்க குடு" என்று கூண்டை வாங்கி வைத்துக்கொண்டாள் அக்கா.

அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பேச்சு குறைவு. கடைக்கு வருகிறவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும் என்று அக்கா சொல்வாள். அவர் குனிந்து கூண்டுக்குள் நோட்டம் விட்டார். இரண்டு கன்னமும் உப்பி, கண் இரண்டும் முறைத்தபடி பஞ்சு திரும்பிப் பார்த்தது.

"லீவு கேட்டா ஃபைலை மூடிட்டுப் போற மேனேஜர் மாதிரியே இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அது மேனேஜர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அக்கா களத்தில் இறங்கினாள். நல்ல தூக்கத்தில் இருந்த பஞ்சுவை, மரவீட்டின் கூரையைத் தூக்கிவிட்டு, மேலிருந்து கையை இறக்கி அள்ளப் பார்த்தாள். "என் ராஜா, உங்க கோபம் எனக்கு நல்லாப் புரியுது" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்காட்டி விரலில் இரண்டு பற்கள் இறங்கிவிட்டன. அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கணவர் விரலில் பிளாஸ்திரி ஒட்டினார். "நாலாவது நிமிஷம் குரல் இறங்கிடும்னு சொல்லுவியே?"

"அது போன்ல. இது நேர்ல வந்திருக்குல்ல" என்றாள் அக்கா, கொஞ்சமும் அசராமல்.

அடுத்த வாரம் கூண்டை அடியோடு கழுவினாள். ரோஜா மணக்கும் சோப்பு, புதிய மரத்தூள், பளபளவென்று துடைத்த சக்கரம். இவ்வளவு செய்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? பஞ்சு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, பின்னங்காலில் நின்று கிரீச்சென்று கத்தியது, புதிய மரத்தூளைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பி வழியே தரையில் கொட்டியது. வெள்ளரித் துண்டு கொடுத்தால் பிடுங்கிக் கன்னத்துக்குள் திணித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது. அக்கா கூண்டருகே உட்கார்ந்து ஆபீஸ் கதை, தம்பி வீட்டுக் கதை, முழங்கால் கதை எல்லாம் சொன்னாள். மூன்றாம் நாள் பஞ்சு கூண்டின் அடியில் விரித்திருந்த காகிதத்தைக் கிழித்து மரவீட்டு வாசலை அடைத்துவிட்டது.

அலுவலகத்தில் அக்காவின் பிளாஸ்திரிகள் பெருகின. வெங்காயம் நறுக்கும்போது பட்டுவிட்டது என்றாள்.

"எத்தனை கையால நறுக்குறீங்க அக்கா?" என்று கேட்டது ஐந்தாவது நாற்காலி.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டவளால் ஒன்றை மட்டும் தாங்க முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, கணவர் கூண்டருகே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இடது கை கம்பிக்குள் இருந்தது. பஞ்சு அவர் விரலிலிருந்து சூரியகாந்தி விதையை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

"என்னங்க பண்ணீங்க அவனை?"

"ஒண்ணும் பண்ணலையே" என்று பக்கத்தைப் புரட்டினார் அவர்.

மறுநாளே அக்கா பஞ்சுவைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். கணவரும் கூட வந்தார். எலிக்கு மனநோய் ஏதாவது இருக்கும் என்பது அக்காவின் கணிப்பு. இளம் பெண் மருத்துவர் பஞ்சுவின் பல்லைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், நல்ல ஆரோக்கியம் என்றார். பிறகு அக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டு முடிக்க நேரம் பிடித்தது.

"பகல்ல அது தூங்குற நேரம்மா. மேல இருந்து கை வந்தா பருந்துன்னு நினைச்சுக்கும். முழுசாக் கழுவினா அதோட வாசனை போயிடும். நாம ஆபீஸ் போயிட்டு வர்றதுக்குள்ள வீட்டை இடிச்ச மாதிரி." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், அதுக்குக் காது ரொம்பக் கூர்மை. நீங்க நிறையப் பேசுவீங்களா?"

கணவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து இருமலாக்கினார். வீடு வரும்வரை அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே பேசாமல் உட்கார்ந்து பார்த்தாள். நாலு நிமிடம் ஆனது. "பாருங்க, நான் பேசாமத்தான் இருக்கேன்" என்று கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பஞ்சு மரவீட்டுக்குள் ஓடிவிட்டது.

இது எங்கே போய் முடிந்திருக்குமோ தெரியாது. நகரத்தின் பெரிய குழாய் ஒன்று உடைந்தது. நாலு நாள் ஊரே புகார்ப் பிரிவைப் பிடித்து உலுக்கியது. அக்கா ஓயாமல் பேசினாள். ஐந்தாம் நாள் காலை "சொல்லுங்க சார்" என்று வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அவள் குரலும் மூன்றாம் மாடிக் குழாயாகிவிட்டது.

தொண்டை மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, பத்து நாள் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். "ரகசியம் பேசுற மாதிரியும் பேசக் கூடாது" என்று அழுத்திச் சொன்னார். ஆளைப் பார்த்ததும் புரிந்திருக்கும்.

முதல் நாள் அக்கா வீட்டில் வெந்நீர் குடித்துக்கொண்டும் கண்ணீர் விட்டுக்கொண்டும் இருந்தாள். இரண்டாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், வேறு போக்கிடம் இல்லாமல் கூண்டருகே உட்கார்ந்தாள். கையை மெல்லப் பக்கவாட்டில் விட்டு, உள்ளங்கையை மேல்நோக்கி மரத்தூள்மேல் வைத்தாள். பஞ்சு வாசல் காகிதத்தை விலக்கி மூக்கை நீட்டியது. விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு உள்ளே போனது. நாலாம் நாள் உள்ளங்கையிலிருந்த விதையைத் திருடிக்கொண்டு ஓடியது. ஆறாம் நாள் முன்னங்கால் இரண்டையும் மணிக்கட்டில் ஊன்றி நின்றது.

அந்த அமைதியில் வேறொன்றும் நடந்தது. கணவர் பேச ஆரம்பித்தார். கடையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, தணிந்த குரலில், அன்று வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். முதன்முதலாகக் கண்ணாடி போட்ட தபால்காரர் வாசலில் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "இலை தனித்தனியா இருக்குங்க" என்றாராம். அக்கா கண் கொட்டாமல் கேட்டாள். இருபத்தாறு வருடமாக இந்த மனுஷனுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றல்லவா நினைத்திருந்தாள்! ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: 'இதெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லல?'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லைன் கிடைக்கல" என்றார்.

எட்டாம் நாள் பஞ்சு அவள் உள்ளங்கையில் முழுசாக ஏறி உட்கார்ந்தது. ஏறியதோடு நிற்காமல் இரண்டு கையாலும் முகத்தை அலம்பியது, காதை மடக்கி வழித்துவிட்டது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு சூடு கையில் துடித்தது. அக்காவுக்கு ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்த முடியாது, கை தட்ட முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. கண்ணில் நீர் தளும்ப, சமையலறை வாசலில் நின்ற கணவருக்கு வெறும் புருவத்தாலேயே ஜாடை காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்தார்.

குரல் திரும்பியதும் அக்கா வேலைக்குப் போனாள். எலியிடம் கற்ற வித்தையை மனிதரிடமும் காட்டலாமே என்று, முதல் அழைப்பில் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள், தண்ணீரும் வரவில்லை, லைனும் செத்துவிட்டது என்று மேற்பார்வையாளரிடம் இன்னொரு புகார் கொடுத்தார். மனிதர்களுக்குப் பேச்சுத்தான் சரி என்று அக்கா பழையபடி தொடங்கிவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்து தம்பி மகள் வந்தாள். கூண்டைத் திறந்து ஆசையாகக் கையை விட்டாள். வீல் என்று கத்தினாள்.

"பழக்கம் விட்டுப்போச்சும்மா. முன்னாடி உங்கிட்ட நல்லாத்தான இருந்திருப்பான்?" என்றாள் அக்கா, பிளாஸ்திரியைத் தேடிக்கொண்டே.

"எங்க அத்தை! முன்னாடியும் தினம் கடிப்பான். சொன்னா நீங்க வாங்கிக்க மாட்டீங்கன்னுதான்…"

அக்கா பிளாஸ்திரியோடு அப்படியே நின்றாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பாள். பஞ்சு விழித்துக்கொண்டிருந்தது. அதனால் தணிந்த குரலில், "உனக்கு இனிமே ஷிஃப்ட் வேலை. இவன் இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி மகளுக்கு மறுப்பு எதுவும் இல்லை. கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது போலத் தெரிந்தது. போகும்போது அத்தைக்கு முத்தம் கொடுத்தாள், பஞ்சுவுக்குத் தூரத்திலிருந்தே கை ஆட்டினாள். கணவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கூண்டு ஒன்று வாங்கிவந்து, திருகாணிகளைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேனேஜருக்குப் பதவி உயர்வு என்றார்.