கார்பனாரா ஆறுவதற்குள்

எங்கள் வீட்டில் நல்ல முட்டையை யாரும் தின்றதில்லை. மல்லசமுத்திரம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பத்தைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். நல்லதெல்லாம் லாரி ஏறிவிடும். கீறல் விட்டதுதான் அடுப்படிக்கு வரும். அதனால், கார்பனாரா செய்யக் கீறல் இல்லாத முட்டை வேண்டும் என்று நான் முதல்முறை கேட்டபோது, பண்ணையையே எழுதி வாங்க வந்தவளைப் பார்ப்பதுபோல என் கணவர் பார்த்தார்.

கார்பனாரா என்பது இத்தாலிக்காரர்களின் பாஸ்தா. வெந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, முட்டையும் சீஸும் மிளகுத்தூளும் சேர்த்து அடித்த கலவையை அந்தச் சூட்டிலேயே ஊற்றிக் கிளற வேண்டும். நெருப்பு பட்டால் பொடிமாஸ் ஆகிவிடும், ஆறினால் பசையாகிவிடும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் தின்று முடித்துவிட வேண்டும். பன்றிக்கறி போடுவார்கள். அது எங்கள் அடுப்படி ஏறாது என்பதால் கோழித்தோலை முறுகப் பொரித்துப் போட்டேன். மிளகு கொல்லிமலை மிளகு. இத்தாலிக்காரன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். அவன் என்ன மல்லசமுத்திரத்துக்கா வரப்போகிறான்?

சீஸ் வாங்க மட்டும் சேலம் போக வேண்டும். பல் டாக்டரிடம் போகிற சாக்கில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வருவேன். என் பல்லில் ஒரு கோளாறும் இல்லை என்பது டாக்டருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். இத்தனை பாடும் எதற்கு? செல்போன் வீடியோவில் ஒருத்தி இதைச் செய்து, சூட்டோடு ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் அப்படி ஒரு வாய் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த ஒரு வாய் கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஆண்கள் உண்டு எழுந்த பிறகுதான் என் மாமியாரும் நானும் உட்காருவோம். யாரும் சட்டம் போடவில்லை. அது பாட்டுக்கு நடக்கும்.

முதல்நாள் மாமனார் தட்டைப் பார்த்துவிட்டு, தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டார். நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தேன். முட்டை போட்ட சேமியா நன்றாகத்தான் இருக்கிறது என்று என் கணவர் சான்றிதழ் கொடுத்துவிட்டு, சரி, சோற்றைப் போடு என்றார். சோறு, ரசம், தயிர். ரசம் ஆறிவிட்டதாம், சூடு பண்ணச் சொன்னார்கள். அவர்களுடைய ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டே என் கார்பனாரா ஆறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஞ்சியதை அத்தையும் நானும் எடுத்தபோது சட்டியிலிருந்து ஒரே கட்டியாகப் பெயர்ந்து வந்தது. சூடு பண்ணியிருக்கலாமே என்பீர்கள். அடுத்த தடவை பண்ணினேன், பொடிமாஸ். அந்த முதல்நாள் அத்தை அந்தக் கட்டியை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"இந்தப் போஸ்டர் பசையத் திங்கறதுக்கா கண்ணு, சேலம் வரைக்கும் போயிட்டு வார?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இதே கூத்து. அத்தையின் நாக்கு சும்மா இருக்குமா? சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். வெண்ணந்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பசை காய்ச்சுகிற மருமகள் நீதானா என்று முன்பின் தெரியாத ஒருத்தி என்னிடம் விசாரித்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தீவன லாரி வந்திருக்கிறது, இதோ வந்துவிடுகிறோம் என்று மாமனாரும் கணவரும் பண்ணைக்குப் போனார்கள். அந்த 'இதோ'வை நம்பிப் பாஸ்தாவை இறக்கிக் கிளறிவிட்டேன். ஆட்களைக் காணோம். சட்டியில் இளமஞ்சளாக, வழவழவென்று, மிளகு வாசனையோடு இருந்தது. எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தேன். வருகிறபோது வரட்டும் என்று எனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, மாமனார் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். ஒரு வாய். வீடியோக்காரி பொய் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தால் எதிரே அத்தை.

நான் எழுந்திருக்கவில்லை. "ஆறிப்போயிருமுங்க அத்தை" என்றேன்.

அத்தை என் தட்டையும் அந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு தட்டோடு திரும்பி வந்து, சட்டியிலிருந்து தாராளமாகவே போட்டுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். அப்புறம் இன்னொரு வாய்.

"சூடா இருந்தா இப்பிடியா கண்ணு இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஊர் முழுக்க என்னைச் சந்தி சிரிக்க வைத்த நாக்கு, இதை ஒரு நாளும் சூடாகத் தின்றதே இல்லை. இதை மட்டுமா?

வாசலில் மோட்டார் பைக் வந்து நின்றது. என் கணவர் கால் கழுவிக்கொண்டே, பசிக்கிறது, தட்டை எடுத்து வை என்று குரல் கொடுத்தார். பழக்கதோஷம், நான் எழப்போனேன். அத்தை இடது கையால் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சித்த இரு சாமி" என்றார், வாசல் பக்கம் திரும்பாமலே. "நாங்க உண்டுபோட்டு வாரோம்."