அப்பாவை வீட்டுக்குள் கொண்டுபோனோம்

அப்பா மூளையில் ரத்தம் கசிந்து திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பெண்ணை விட்டிருந்தார்கள். அவள் வேலைக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். டாக்டர் சொல்வதை எங்களுக்கும் எங்கள் புலம்பலை டாக்டருக்கும் கொண்டுபோவாள். நோயாளி வீடு போய்ச் சேரும்வரை அவள் பொறுப்பு. எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். எனக்கு எரிச்சலாக வரும்.

இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்த காலையில் அம்மா அழவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட வூட்டுக்குள்ள கொண்டாந்து படுக்க வச்சிடும்மா. வெளியில போயிட்டா தெருவுலயே போட்டு எடுத்துடுவாங்க. அவரு கட்ன வூடும்மா."

எங்கள் ஊரில் அப்படித்தான். வெளியே செத்தவரை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். பாழாய்ப்போன வழக்கம்.

அவள் டாக்டரிடம் மல்லுக்கட்டி, வேனுக்குச் சொல்லி, எங்களோடு தானும் ஏறிக்கொண்டாள். அப்பாவுக்குத் தானாக மூச்சு வராது. வாயில் சொருகிய குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சோமாசிப்பாடி தாண்டியதும் அவள் அப்பாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கத்தி அழ வேண்டும்போல இருந்தது; முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவள் பையை அமுக்குவதை நிறுத்தவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டி எங்கள் வாசல்வரை அமுக்கினாள். பங்காளிகள் கூடி நின்றிருந்தார்கள்.

"வழி வுடுங்க, மூச்சு இருக்குது" என்றாள்.

நடுவீட்டில் கட்டிலில் கிடத்தியபிறகுதான் குழாயை எடுத்தாள். அம்மா அப்பாவின் வாயில் பால் ஊற்றினாள். அது கடைவாயில் வழிந்தது.

"இப்பதாம்மா போனாரு" என்றாள் அவள்.

அது பொய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள் என்று எத்தனையோ வருஷம் பயந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே அவளைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்டி."

"ஆமாம்மா, உயிரோட கொண்டாந்து சேத்துட்டா."

"உசுரு எங்கடி இருந்துது? வேன்லயே பூட்டாரு. காலு என் மடியிலதான இருந்துது, எனக்குத் தெரியாதா? நீ தாங்கமாட்டியேனு வாயத் தொறக்காம வந்தேன்."